ஒரே மாத்திரை சிலருக்கு மட்டும் தோலை உரிப்பது ஏன்?

வலிப்புக்கும், முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல வரும் நரம்பு வலிக்கும் கார்பமசெபின் என்னும் மாத்திரை பல பத்தாண்டுகளாகத் தரப்படுகிறது. மஞ்சக்குப்பத்திலோ முதலியார்பேட்டையிலோ அதைச் சாப்பிடுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும், மாத்திரை தொடங்கிய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள், காய்ச்சலும் கண் எரிச்சலும் தொண்டை வலியும் வருகின்றன. பிறகு உதடும் வாயும் புண்ணாகி, உடம்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள் படர்ந்து, தோல் கொப்புளித்து உரியத் தொடங்குகிறது. உரியும் பரப்பு உடலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் என்றும், 30 விழுக்காட்டைத் தாண்டினால் நச்சுத் தோலழிவு என்றும் சொல்வார்கள். பின்னதில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்க நேரிடுகிறது. அம்மை என்று எண்ணி வேப்பிலைப் படுக்கையில் கிடத்திவிட்டால், அந்த நாட்களிலும் அதே மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

இதில் மருந்தின் அளவு தவறவில்லை, மருந்தும் போலியில்லை. வேறுபாடு 6-ஆம் குரோமோசோமில், எச்.எல்.ஏ எனப்படும் மரபணுக்களில் இருக்கிறது. நம் செல்களில் ஏறத்தாழ எல்லாமே தமக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை, சீர்வரிசைத் தட்டில் வைத்துத் தெருவுக்குக் காட்டுவதுபோல, தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ புரதம். டி செல்கள் என்னும் காவல் செல்கள் தட்டைப் பார்த்து, இருப்பது வீட்டுப் பொருள்தான் என்று கண்டால் கடந்துபோகும். தட்டின் குழிவு ஆளுக்கு ஆள் மாறுவது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருவது. குறிப்பிட்ட வடிவக் குழிவில் குறிப்பிட்ட மருந்து மட்டும் போய்ப் பொருந்திக்கொள்ள, தட்டில் இருப்பது அந்நியமாகத் தோன்றுகிறது. உடனே டி செல்கள் கிரானுலைசின் போன்ற கொல்லும் புரதங்களைக் கொட்டித் தோல் செல்களை அழிக்கின்றன. இந்நோயாளிகளின் கொப்புள நீரில் கிரானுலைசின் மிகுதியாக இருப்பதை 2008-இல் கண்டறிந்தார்கள்.

எந்தத் தட்டு என்பது அதற்கு முன்பே, 2004-இல் தைவானில் தெரியவந்திருந்தது. கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் கண்ட 44 பேரிடமும் எச்.எல்.ஏ–பி 15:02 என்ற வகை இருந்தது. அதே மருந்தைத் தீங்கின்றிச் சாப்பிட்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே இருந்தது. மருத்துவ ஆய்வில் இவ்வளவு துல்லியமான தொடர்பு அரிது. அடுத்த ஆண்டே, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலுக்கு எச்.எல்.ஏ–பி 58:01 என்ற வகை அதேபோல் சிக்கியது. 2011-இல் வெளியான தைவான் ஆய்வொன்றில், 4,877 பேருக்கு முன்னரே சோதித்து, 15:02 உள்ளவர்களுக்குக் கார்பமசெபினைத் தவிர்த்தபோது, அவர்களில் ஒருவருக்குக்கூட இந்நோய் வரவில்லை.

‘ஆசியர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இங்கே உதவாது. ஜப்பானியரிடம் 15:02 மிக அரிது. அங்கே 31:01 என்ற வேறு வகை பேசப்படுகிறது. 2009-இல் வெளியான ஒரு சிறிய இந்திய ஆய்வில், கார்பமசெபினால் பாதிக்கப்பட்ட 8 பேரில் 6 பேரிடம் 15:02 இருந்தது. மற்ற இருவரும்தான் முக்கியம் என்பேன்: சோதனையில் இல்லை என்று வந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளாகாது. 15:02 உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. ஃபெனிட்டாயின் என்னும் இன்னொரு வலிப்பு மாத்திரையின் கதை வேறு: அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி மந்தமாக இருக்கும்படி பிறந்தவர்களுக்கு மருந்து உடலில் தேங்கி ஆபத்தைக் கூட்டுகிறது. தென்னிந்தியரிடம் அந்த நொதியின் மரபு வகைகளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சோதனைக்குச் சிறிது இரத்தம் போதும். முடிவு ஆயுளுக்கும் மாறாது. ஆனால் மாத்திரை தொடங்கும் முன்னரே செய்ய வேண்டும்; பல மாதங்களாக ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டு வருபவர் பதறி, தானாக நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும். சல்ஃபா மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் ஆகியவையும் இதே நோயைத் தரக்கூடும். அவற்றுக்கு இப்படிக் கைகொடுக்கும் சோதனை இல்லை. அங்கே மருத்துவர் முதலில் கேட்பது மாத்திரையின் பெயரை. கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். பெயர் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிட, உறவினர் நீட்டும் வெள்ளித் துணுக்கில் பல நேரம் ‘200 மி.கி.’ என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.