எக்ஸிட்டான் எவ்வளவு தூரம் போகும்?

பிளாஸ்டிக் சூரிய மின்கலத்தில் ஒளி பட்டதும் மின்சாரம் பிறந்துவிடுவதில்லை. ஒளியை விழுங்கிய பாலிமரில் முதலில் உருவாவது எக்ஸிட்டான். கிளர்வுற்ற எலக்ட்ரானும், அது விட்டுவந்த நேர்மின் துளையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் இணை அது. எலக்ட்ரானைப் பறிக்கவல்ல வேறொரு பொருளின் எல்லையை எட்டினால்தான் இணை பிரியும். அதற்குள்ள அவகாசம் பெரும்பாலும் ஒரு நானோ நொடி அளவுதான். தவறினால் ஆற்றல் ஒளியாகவோ வெப்பமாகவோ வீணாகிவிடும்.

அவகாசத்துக்குள் அது கடக்கும் தூரத்தை அளப்பது எளிதன்று. எக்ஸிட்டானின் மொத்த மின்னூட்டம் சுழி. மின்புலம் அதை இழுத்துச் செல்லாது, மின்னோட்டமாகவும் அது தென்படாது. ஆகவே அது எப்போது அழிகிறது என்பதைக் கவனிக்கிறார்கள்.

பாலிமரை மெல்லிய படலமாக்கி, எக்ஸிட்டானை அணைத்துவிடும் ஃபுல்லரீன் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) அடுக்கை ஒரு பக்கத்தில் வைப்பார்கள். லேசர் துடிப்பைச் செலுத்தி, பாலிமரின் ஒளிர்வு மங்குவதைப் பிக்கோ நொடிக் (நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பதிவு செய்வார்கள். படலம் மெலிதானால் பெரும்பாலான எக்ஸிட்டான்கள் ஃபுல்லரீனை எட்டி அணைந்துவிடும். ஒளிர்வு சட்டென்று மங்கும். தடிமன் கூடக்கூட மங்குவது தாமதமாகும். பல தடிமன்களில் எடுத்த வளைவுகளை துகள்கள் தாறுமாறாக நகர்ந்து பரவுவதை விவரிக்கும் விரவல் சமன்பாட்டோடு பொருத்தினால் சராசரித் தூரம் கிடைக்கும்.

ஆனால் ஏமாறும் இடங்கள் உண்டு. லேசர் செறிவு கூடினால் எக்ஸிட்டான்கள் தங்களுக்குள் மோதி அழியும். ஒளிர்வு அதனாலும் விரைவாக மங்கும். ஜெர்மானிய அறிவியலாளர் ஃபோர்ஸ்டர் 1948-இல் விளக்கிய முறையில், தொடாமலேயே சில நானோமீட்டர் தாண்டி ஆற்றல் ஃபுல்லரீனுக்குத் தாவலாம். ஃபுல்லரீன் பாலிமருக்குள் ஊடுருவியும் இருக்கலாம். இவற்றைக் கழிக்காவிட்டால் தூரம் மிகையாகத் தெரியும். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எண்ணைப் பார்க்கும் முன், இவற்றை எப்படிக் கழித்தார்கள் என்ற பகுதியைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

ஒழுங்கற்ற பாலிமர்களில் விடை 10 நானோமீட்டர் அளவில்தான் நிற்கிறது. ஒளியை நன்றாக உறிஞ்சவோ 100 நானோமீட்டர் தடிமனாவது வேண்டும். மின்கலங்களில் இரு பொருள்களையும் நுணுக்கமாகக் கலப்பது இதனால்தான்.

பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018-இல் வேறு வழியைக் காட்டினார்கள். பாலிஃபுளோரீன் என்ற பாலிமரின் சங்கிலிகளைப் படிகமாக அடுக்கி நானோ இழைகளை வளர்த்து, இரு முனைகளை மட்டும் பாலித்தையோஃபீன் என்ற வேறொரு பாலிமரால் போர்த்தினார்கள். நடுவில் பிறந்த எக்ஸிட்டான்கள் முனைக்கு வந்து சேர்ந்ததை அங்கே பாலித்தையோஃபீனிலிருந்து எழுந்த அடர்சிவப்பு ஒளிர்வு காட்டிக்கொடுத்தது. கணக்கிட்ட தூரம் 200 நானோமீட்டருக்கும் மேல். பாலிமரின் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததே இத்தனை தூரத்துக்கு வழிவிட்டது.