91ஆம் எண் நெடுஞ்சாலையின் கட்டண விரைவுத் தடங்கள்: கட்டணம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது?

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வேலை பார்த்துக்கொண்டு, வீட்டு விலை குறைவான ரிவர்சைடு கவுண்டியில் குடியிருப்பவர்கள் நாள்தோறும் நம்பியிருக்கும் சாலை, 91ஆம் எண் மாநில நெடுஞ்சாலை. அதன் நடுவே, 55ஆம் எண் சாலைச் சந்திப்பிலிருந்து கவுண்டி எல்லை வரை சுமார் 10 மைல் நீளத்துக்கு, திசைக்கு இரண்டாக நான்கு கட்டணத் தடங்கள் உள்ளன. அவற்றை 1995 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் கட்டித் திறந்தது. அன்று முதலே சுங்கச்சாவடி கிடையாது; கார்க் கண்ணாடியில் பொருத்திய மின்னணுக் கருவியைப் படித்து, கணக்கிலிருந்து பணம் கழிக்கப்படுகிறது.

தடங்கள் நன்றாகவே இயங்கின. சிக்கல், அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தத்தில் இருந்தது. சாலையை ஒட்டிய ஒன்றரை மைல் பகுதிக்குள், போட்டியாக அமையக்கூடிய இலவசத் தடங்களை அரசு சேர்க்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. 1999இல் மாநிலப் போக்குவரத்துத் துறை பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில இணைப்புத் தடங்களை அமைக்க முயன்றபோது, நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நெரிசலில் திணறும் பொதுச் சாலையை அரசே அகலப்படுத்த முடியாத நிலையை மக்கள் ஏற்கவில்லை. முடிவில், 2002இல் இயற்றிய சட்டத்தின்படி, ஆரஞ்சு கவுண்டிப் போக்குவரத்து ஆணையம் 2003 ஜனவரியில் 20.75 கோடி டாலர் கொடுத்து உரிமத்தை வாங்கியது. அந்த நிபந்தனையும் விலகியது.

உரிமை கைமாறியதால் கட்டணம் குறைந்துவிடும் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். 2003 ஜூலையில் ஆணையம் ஏற்ற கொள்கை, தடம் தடையின்றி ஓடுவதையே முதல் நோக்கமாக வைக்கிறது. ஒரு திசையில் மணிக்கு 3,400 வாகனங்களே தாங்கும் அளவு என்பதால், ஒவ்வொரு கிழமையின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் போக்குவரத்து தனித்தனியே எண்ணப்படுகிறது. 12 வாரக் கணக்கில் உச்ச நேர எண்ணிக்கை 3,200ஐ எட்டினால் அந்த மணி நேரத்துக்கு மட்டும் 75 சென்ட்டும், 3,300ஐ எட்டினால் 1 டாலரும் கூட்டப்படும். அதன்பின் ஆறு மாதத்துக்கு மாற்றம் இல்லை. வெள்ளி மாலைக்கும் செவ்வாய் மாலைக்கும் கட்டணம் வேறுபடுவது இதனால்தான். வண்டியை எடுக்கும் முன்பே எவ்வளவு ஆகும் என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் கட்டணத்தைவிட இது பயணிக்கு நியாயமான ஏற்பாடு என்பேன்.

மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒரே காரில் சென்றால் கட்டணம் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 4 முதல் 6 மணி வரை கிழக்கு நோக்கிச் செல்லும்போது மட்டும் அவர்களும் பாதிக் கட்டணம் செலுத்த வேண்டும். வீடு திரும்பும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் வேளை அது. இந்தச் சலுகைக்கும் மின்னணுக் கருவியும் கணக்கும் தேவை.

வசூலில் செலவு போக மிஞ்சுவதை 91ஆம் எண் சாலையின் மேம்பாட்டுக்கே பயன்படுத்த வேண்டும். 2017 மார்ச்சில் தடங்கள் ரிவர்சைடு கவுண்டிக்குள் 15ஆம் எண் நெடுஞ்சாலை வரை நீண்டன. அந்தப் பகுதியின் கட்டணத்தை ரிவர்சைடு போக்குவரத்து ஆணையமே விதிப்பதால், முழுத் தொலைவும் செல்பவர் இரண்டு கட்டணங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.