வலி குறைந்தாலும் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

அறுவடைக் காலத்தில் கருவிழிப் புண்ணோடு வருபவர்கள் அதிகம். நெல் தாள் குத்தியிருக்கும், கரும்புத் தோகை கிழித்திருக்கும், சிலருக்கு மாட்டு வால் அடித்திருக்கும். கீறல் சின்னதுதான். ஆனால் அதன் வழியே ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் உள்ளே இறங்கிவிடுகின்றன.

என்னை மிகவும் வருந்தவைப்பது, அவர்களில் பலர் அதற்குள் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டிருப்பதுதான். சிவப்பு குறையும், நிம்மதியாக இருக்கும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும்.

புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கிளை விட்ட பூஞ்சை இழைகள் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். மரத்துப்போகும் மருந்து விட்டுத்தான் சுரண்டுவோம், பயப்பட வேண்டாம்.

இழைப் பூஞ்சை என்றால் முதல் மருந்து 5 சதவீத நேட்டமைசின். இது தெளிந்த நீர் அல்ல, பால் போன்ற கலங்கல். மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. “புண்ணு மேல வெள்ளையாப் படியுதே டாக்டர், பெருசாகுதா?” என்று கேட்பார்கள். அந்தப் படிவு பெரும்பாலும் மருந்துதான். நகத்தாலோ துணியாலோ எடுக்க முயலாதீர்கள். மருந்து ஆழமாக இறங்காது என்பதால், தேவைப்பட்டால் மேற்பரப்பை நாங்களே சுரண்டிவிடுவோம்.

“விலை கூடின புது மருந்து எழுதுங்க” என்று கேட்பவர்களும் உண்டு. நேட்டமைசினையும் வோரிகோனசோல் என்ற புதிய பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்தையும் ஒப்பிட்டுத் தென்னிந்தியாவில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் பழைய நேட்டமைசினே மேல் என்று தெரிந்தது, குறிப்பாக ஃபியூசேரியத்தில். 2017-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சரி, சிக்கல் எங்கே? குணமாக வாரக்கணக்கில் ஆகும். சில நாட்களில் வலி குறைந்ததும், களத்து வேலையைப் பார்க்க வேண்டுமே என்று மருந்தை விட்டுவிடுகிறார்கள். ஆழத்தில் மிஞ்சிய இழைகள் மறுபடி கிளம்பும். கருவிழி ஓட்டையானால் மாற்று அறுவை சிகிச்சை வரை போகும். புண் ஆறினாலும் நடுவில் பூ விழுந்தால் பார்வை மங்கும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவும் கண்ணில் விட வேண்டாம். கீறிய அன்றே வாருங்கள். ஏற்கெனவே போட்ட மருந்து பாட்டில்களையும் கையோடு கொண்டு வாருங்கள், சீட்டு இல்லாமல் வாங்கியிருந்தாலும் சரி. அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று தெரிந்தால்தான் எங்களால் சரியாகச் சிகிச்சை தொடங்க முடியும்.