ப்ராப்பர்ட்டி: சொத்து அல்ல, பண்பு

"சொத்தை அணுக முடியவில்லை." ஜாவா நிரல்மொழிப் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் போன வாரம் மறுபடியும் இது கண்ணில் பட்டது. ஜேஎஸ்பி (ஜாவாவில் எழுதும் வலைப்பக்கம்) காட்டும் பிழைச் செய்தியின் தமிழாக்கமாம்; 'ப்ராப்பர்ட்டி'யைச் 'சொத்து' ஆக்கிவிட்டார்கள். படித்ததும் சொத்தைப் பல் நினைவுக்கு வருகிறது, அப்புறம் பத்திரப் பதிவு.

லத்தீனில் 'ப்ரோப்ரியுஸ்' என்றால் தனக்கே உரியது. அதிலிருந்து வந்த 'ப்ராப்பர்ட்டி' என்ற ஆங்கிலச் சொல் உடைமையையும் குறிக்கும், தன்மையையும் குறிக்கும். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு.

சொத்து என்றால் ஒருவர் கையில் இருப்பது. ஜாவாபீன்ஸ் என்ற ஜாவா விதித்தொகுப்பு 1997இல் வகுத்த ப்ராப்பர்ட்டி அப்படிப்பட்டதல்ல. 'கெட்நேம்' என்ற மெத்தட் (அழைத்தால் வேலை செய்யும் நிரல்துண்டு) இருந்தால் போதும், 'நேம்' என்ற ப்ராப்பர்ட்டி உண்டு. அந்தப் பெயரில் உள்ளே மதிப்பைச் சேமிக்கும் ஒரு புலம்கூட இருக்க வேண்டியதில்லை.

கீயையும் மதிப்பையும் இணை இணையாக வைக்கும் ஹேஷ்மேப்பைச் சுற்றிவரும்போது ஜேஎஸ்பியில் 'என்ட்ரி.கீ' என்று எழுதுகிறோமே, அதைப் பாருங்கள். கிடைக்கும் ஆப்ஜெக்ட் ஹேஷ்மேப்புக்குள் ஒளிந்திருக்கும் 'நோட்' கிளாஸைச் சேர்ந்தது. அந்த கிளாஸ் பப்ளிக் இல்லை, அதாவது வெளியாருக்குத் திறந்ததல்ல. அந்த கிளாஸின் மெத்தடை நேராக அழைத்தால் ஜாவா விடாது. ஆனால் அது மேப்.என்ட்ரி என்ற பப்ளிக் இடைமுகத்தை (என்னென்ன மெத்தட் உண்டு என்று வெளியே அறிவிக்கும் பட்டியலை) செயல்படுத்துகிறது. ஜேஎஸ்பியில் 'என்ட்ரி.கீ' போன்ற வரிகளைக் கையாளும் எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ் அங்கே இருக்கும் 'கெட்கீ'யைக் கண்டுபிடித்து அழைக்கிறது, மதிப்பு வந்துவிடுகிறது. நாம் எழுதும் பப்ளிக் அல்லாத கிளாஸிலும் மெத்தடை அழைக்க முடியாத சிக்கல் வந்தால் வழி இதுதான்: கெட்டரை, அதாவது மதிப்பைத் தரும் 'கெட்' மெத்தடை, ஒரு பப்ளிக் இடைமுகத்தில் அறிவித்துவிட வேண்டும். அந்த ஆப்ஜெக்டிடம் என்ன இருக்கிறது என்பது இங்கே பேச்சே இல்லை. அது வெளியே எப்படித் தெரிகிறது என்பதுதான் பேச்சு. சொத்து என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை மாணவருக்கு எப்படிச் சொல்வது?

பண்பு என்று சொன்னால் தெளிவாகிறது. கருங்குவளையில் கருமை பண்பு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சிலர் 'இயல்பு' என்கிறார்கள்; டீஃபால்ட்டுக்கு 'இயல்புநிலை' வழங்குவதால் குழம்பும். 'பண்புக்கூறு' ஆட்ரிபியூட்டுக்கு உரியது. ரிக்வெஸ்டில் (உலாவி அனுப்பும் கோரிக்கையில்) ஆட்ரிபியூட் தனியாக இருக்கும்போது இரண்டையும் கலக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பிழையை ஒருமுறை தாங்களே வரவழைத்துப் பார்த்திருந்தால் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டியிருக்க மாட்டார்கள். "'கீ' என்ற பண்பைப் படிக்க முடியவில்லை" என்று எழுதுங்கள், மாணவருக்கு உடனே புரியும்.