அமுங்கினால் போதாது, எழவும் வேண்டும்: கார் கதவு பீடிங்கின் அறிவியல்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "பழைய கார். தொப்பூர் பக்கம் வேகமாகப் போனால் டிரைவர் கதவின் மேல்பக்கம் 'உஸ்' என்று சத்தம். மழை பெய்தால் காலடி மேட் நனைகிறது. ஸ்பேர்ஸ் கடையில் 'நல்லா தடிமனா இருக்கு சார், இதைப் போடுங்க' என்று ஒரு பீடிங் கொடுத்தார்கள். மாட்டிய பிறகு கதவை ஓங்கி அறைந்தால்தான் சாத்துகிறது. சத்தமும் போகவில்லை, ஈரமும் போகவில்லை. வண்டிக்குக் கண்ணுபட்டுவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். எந்த ரப்பர் வாங்குவது?"

பீடிங் என்பது கதவு சாத்தும் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. முதலில் ஈரத்தை முடித்துவிடுவோம். கதவுக் கண்ணாடியின் அடியில் வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறதே, அது மழையை முழுக்கத் தடுப்பதில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீரில் ஒரு பகுதி கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது பழுது அல்ல, அமைப்பே அப்படித்தான். இறங்கிய தண்ணீர் கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியே போய்விடும். உள்பக்கம் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அதைக் கேபினுக்குள் வரவிடாமல் தடுக்கும். துளையில் மண் அடைத்தாலோ, ஸ்பீக்கர் மாட்டியவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் போயிருந்தாலோ மேட் நனையும். பீடிங்கை எத்தனை முறை மாற்றினாலும் நனையும். ஒரு குச்சியால் துளைகளைக் குத்திப் பாருங்கள். சேறு கலந்த தண்ணீர் கொட்டினால் கண்ணு பட்ட இடம் அதுதான். எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அதற்குப் பிறகு "வெள்ளம் புகாத பீடிங் கிடைக்குமா" என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே அடியில் சுமார் 3,000 பாஸ்கல் அழுத்தம். பீடிங் தாங்க வேண்டியது மழைச்சாரலையும் காற்றையும்தான். அந்தக் காற்றழுத்தம் எவ்வளவு என்பதில்தான் சத்தத்துக்கான பதில் இருக்கிறது.

ஓடும் காரின் மீது காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 170 பாஸ்கல் என்றால் 100 கி.மீ.யில் 460. முன்கண்ணாடியில் மோதிய காற்று பக்கவாட்டில் திரும்பி, டிரைவர் கதவின் முன் மூலையை ஒட்டி வேகமெடுத்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று கதவை வெளியே தள்ளுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 460 பாஸ்கல் என்றால் ஒரு மூட்டை சிமென்ட்டின் எடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கதவின் கீழ்ப்பாதி கனமான பெட்டி, அசையாது. மேல்பாதி கண்ணாடியைச் சுற்றிய மெல்லிய சட்டம். அது கொஞ்சம் வெளியே வளையும். வளைந்த இடத்தில் விழும் மெல்லிய இடைவெளியில் காற்று பீறிடும் ஓசைதான் அந்த 'உஸ்'. அதனால் பீடிங்கின் வேலையில் பாதிதான் கதவைச் சாத்தும்போது அமுங்குவது. ஓடும்போது கதவு விலக விலகக் கூடவே எழுந்து ஒட்டிக்கொண்டிருப்பது மீதிப் பாதி.

தடிமனான பீடிங் ஏன் தோற்றது என்பதும் இப்போது விளங்கும். கதவை ஒரு பக்கம் கீல்கள் பிடிக்கின்றன, மறுபக்கம் நடுவில் ஒரே ஒரு லாக். மேல் மூலையைப் பிடிக்க யாரும் இல்லை. தேவைக்கு மேல் தடித்த ரப்பர் அந்த மூலையை நிற்கும்போதே வெளியே தள்ளி வைத்துவிடுகிறது. லாக் அருகே ரப்பர் நசுங்கிப் பிதுங்கும். மேலே சத்தம் அப்படியே இருக்கும். (ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். லேசாகச் சாத்தினால், இதுவரை தடுத்தது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று.)

கழற்றிய பழைய பீடிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். பிளேடால் குறுக்கே ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் 'ப' வடிவப் பிடி: கெட்டியான ரப்பர், அதற்குள் பளிச்சென்று இரும்புத் தகடோ கம்பியோ, உள்சுவரில் தகர விளிம்பைக் கவ்வும் சின்னச் சின்ன மடல்கள். அதன் மேல் ஒட்டிப் பிறந்த குழாய். அதன் சுவரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஸ்பாஞ்ச். ஆனால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி அல்ல. ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும், தண்ணீர் குடிக்காது. குழாயில் ஆங்காங்கே குண்டூசித் தலை அளவில் துளைகளும் தெரியும். கதவு சாத்தும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேறும் வழி அவை. பளபளப்பாக இருக்கட்டும் என்று பாலிஷையும் பசையையும் அப்பி அவற்றை அடைத்துவிட்டு, கதவு இறுகுகிறது என்று புலம்புபவர்கள் அதிகம். குழாயாக இருப்பதில் இன்னொரு நயம்: திடமான ரப்பரை அமுக்கினால் அமுக்க அமுக்க எதிர்ப்பு சரசரவென்று ஏறும், குழாயோ சுவர் மடங்கிக் கொடுப்பதால் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் திருப்பித் தள்ளும். கதவு இடைவெளி இங்கே கூட, அங்கே குறைய இருந்தாலும் எல்லா இடத்திலும் அளவான அழுத்தம் கிடைப்பது இதனால்தான்.

சரி, உங்கள் பழைய துண்டில் அந்தக் குழாய் வட்டமாகவா இருக்கிறது? இருக்காது. ஒரு பக்கம் தட்டையாகி, கையில் எடுத்து எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் வட்டத்துக்குத் திரும்பாது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

ரப்பர் என்பது நூல்நூலாக நீண்ட மூலக்கூறுகளின் சிக்கல். வெப்பத்தால் அவை ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. கசங்கிக் கிடக்க ஆயிரமாயிரம் வழிகள் உண்டு, நீண்டு நிற்கச் சில வழிகள்தான். இழுத்துப் பிடித்தாலும் நசுக்கினாலும் அந்த வழிகளைக் குறைக்கிறோம். விட்டவுடன் வழி அதிகமுள்ள பழைய நிலைக்கே திரும்புகிறது. எஃகு ஸ்பிரிங் அணுக்களுக்கு இடையிலான விசையால் திரும்புகிறது, ரப்பர் வாய்ப்புக் கணக்கால் திரும்புகிறது. அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். ஆங்கிலேய அறிஞர் ஜான் காஃப் 1805-லேயே இதைக் கவனித்து எழுதினார், பிற்பாடு இயற்பியலாளர் ஜூல் அளந்து காட்டினார்.

ஆனால் நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க முடிச்சு வேண்டும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கியபோது கிடைத்தது அதுதான்: நூலுக்கும் நூலுக்கும் நடுவே கந்தகப் பாலங்கள். ரப்பர் தன் வடிவத்தை நினைவில் வைத்திருப்பது இந்த முடிச்சுகளில்தான்.

இப்போது கயிற்றுக் கட்டிலில் ஒருவர் வருடக்கணக்கில் படுத்தே கிடக்கிறார் என்று வையுங்கள். பழைய முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்கிறது. அவர் எழுந்துகொள்ளாமலே, தொய்ந்த நிலையிலேயே யாரோ புது முடிச்சு போடுகிறார்கள். பிறகு அவர் எழுந்தாலும் கட்டில் பாதிதான் நிமிரும். முதல் நாள் முடிச்சுகள் மேலே இழுக்கின்றன, பின்னால் போட்டவை தொய்ந்த வடிவத்துக்கு இழுக்கின்றன. சாத்திய கதவுக்குள் ரப்பருக்கு நடப்பது அப்படியே இதுதான். பல கந்தக அணுக்கள் தொடுத்த பாலம் வெப்பத்தில் எளிதில் அறும், அறுந்த முனை பக்கத்தில் கிடைப்பதோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் ரப்பர் நசுங்கி இருக்கிறது. ஆகவே புதுப் பாலம் நசுங்கிய வடிவத்தையே சொந்த வடிவமாக எடுத்துக்கொள்கிறது. ரப்பர் மறந்துபோவதில்லை, வேறொன்றைக் கற்றுக்கொள்கிறது. மே மாத வெயிலில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் பக்கம் நிறுத்திய கறுப்புக் காரின் தகரம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற தோராயக் கணக்கில் பார்த்தால், நிழலில் நிற்கும் காரின் பீடிங் பல ஆண்டுகள் கூட உழைப்பதில் ஆச்சரியம் இல்லை. கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடு போட்டு வேகவைத்த ரப்பரில் பாலம் நேரடியாகக் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே விழுகிறது. அது எளிதில் அறாது, அதனால் தட்டையாவதும் குறைவு.

இதை அளக்கச் சோதனை உண்டு. ஐ.எஸ்.ஓ. 815 என்ற தர அளவின் சாரம் இது: ரப்பர்த் துண்டை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கால் பங்கு நசுக்கி, சூடான அடுப்பில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ வைத்து, விடுவித்து, அரை மணி நேரம் கழித்து அளப்பது. 10 மி.மீ. துண்டை 7.5-க்கு நசுக்கி, அது 9-க்குத்தான் எழுந்தால், நசுக்கிய 2.5-ல் 1 போய்விட்டது. அதாவது 40 சதவீதம். வேண்டியது ஒரு சூட்டடுப்பு, தகடு, போல்ட், ஒரு வெர்னியர். ஓசூரில் இத்தனை வாகன உதிரிபாகத் தொழில் நடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. நம் வெயிலில், நம் கடைகளில் விற்கும் பீடிங் எது எத்தனை சதவீதம் என்று மாணவர்களை அளக்க வைத்து ஒரு பட்டியல் போடச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆராய்ச்சிப் பணம் என்றாலே கோடிகளில் பேசுகிறோம், இந்த மாதிரிச் சின்னக் காரியத்துக்கு மட்டும் யாரிடமும் நிதித் தலைப்பு இருப்பதில்லை.

எந்த ரப்பர் என்பதற்கு வருகிறேன். இயற்கை ரப்பர் மிக நன்றாகத் துள்ளும், ஆனால் அதன் நூலின் முதுகிலேயே இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து தரையோரக் காற்றில் உருவாக்கும் ஓசோன் அவற்றைத் தாக்கி நூலையே அறுத்துவிடும். இழுபட்டிருக்கும் இடத்தில் இழுவைக்குக் குறுக்காக வரிவரியாக வெடிப்பது அதனால்தான். கார் பீடிங்குக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரை எடுப்பதன் காரணம் அழகானது: அதன் முதுகில் இரட்டைப் பிணைப்பே இல்லை. முடிச்சு போடுவதற்குத் தேவையான சிலதைப் பக்கவாட்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓசோன் வந்தாலும் தொங்குவதைத்தான் கடிக்கும், முதுகு முறியாது.

மலிவானவற்றில் குழாயும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை வெயிலில் மெல்ல வெளியேறிவிட, இரண்டு கோடையில் விறைத்துப் போகும். பிடிப்பகுதி மட்டும் பி.வி.சி. என்றால் குற்றமில்லை, அமுங்கும் குழாய் ஈ.பி.டி.எம். ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும். கடையில் நகத்தால் குழாயை அழுத்திவிட்டு எடுங்கள், பள்ளம் உடனே மறைய வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் திறந்த வெளியில் ஒரு சோதனை: செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, குழாயில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். பச்சை ஒளி வந்தால் குளோரின் இருக்கிறது, அது பி.வி.சி.யாக இருக்கலாம், ஈ.பி.டி.எம். அல்ல. புகையை மட்டும் முகராதீர்கள்.

அளவுக்கு உங்கள் கார் மாடலுக்கென்றே வரும் பீடிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மீட்டர் கணக்கில் விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றால் இரண்டு அளவு தேவை. ஒன்று, அது கவ்வும் தகர விளிம்பின் கனம். மற்றது கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பாலித்தீன் தாளில் சுற்றி, பழைய பீடிங்கை எடுத்துவிட்டு, விளிம்பில் நாலைந்து இடத்தில் ஒட்டிக் கதவைச் சாத்தித் திறங்கள். நசுங்கிய கனம்தான் இடைவெளி. குழாய் தன் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்குகிற மாதிரி எடுங்கள்: 8 மி.மீ. இடைவெளிக்கு 12 மி.மீ. குழாய். 18 மி.மீ. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாட்டும்போது இழுக்கவே கூடாது. இழுத்து மாட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், சில வாரங்களில் சுருங்கி மூட்டில் வாய் பிளக்கும். மூலைகளில் முதலில் உட்கார வைத்து, நேரான இடங்களில் கொஞ்சம் நெருக்கித் தள்ளியே ஏற்றுங்கள். மூட்டு கீழே படிப்பக்கம் வரட்டும், இரண்டு முனையும் ஒன்றையொன்று லேசாக முட்டிக்கொள்ளும்படி ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுபட வேண்டும். மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கோளாறு ரப்பரில் இல்லை. சட்டத்தையோ கீலையோ டிங்கரிங் செய்பவரிடம் காட்ட வேண்டும்.

துடைக்க மண்ணெண்ணெய், டீசல், பழைய இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். ஈ.பி.டி.எம். தண்ணீருக்கு அசையாது, பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். சோப்புத் தண்ணீரும், எப்போதாவது கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரேயும் போதும். கிரானைட் லாரிகள் ஓடும் சாலைக்காரர்கள் கண்ணாடி ஏறி இறங்கும் சேனல் ரப்பரையும் துடைத்து வையுங்கள். அதிலுள்ள வெல்வெட் மாதிரியான இழைகளில் சிக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது, கோடு போட்டுவிடும்.

பாலக்கோட்டு நண்பருக்கு: நான்கு கதவுக்கும் வாங்க வேண்டாம். அதிகம் திறந்து மூடுகிற டிரைவர் கதவுக்கு மட்டும் மாற்றுங்கள். புதிது முதல் ஒன்றிரண்டு வாரம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். அதற்குள் லாக் கொக்கியைத் தளர்த்திவிடாதீர்கள், தளர்த்தினால் குழாய் படிந்த பிறகு கதவு ஆட ஆரம்பிக்கும்.