வருகைக் கணக்கு டேக்: பொருத்தியதோடு வேலை முடிவதில்லை

கடந்த மழைக்காலத்தில், அப்புத்தளைக்கு அருகே ஏழு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதியொன்றை நடத்தும் ஐயா ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, சைட்டுக்கு வர்ற ஆட்கள் ரெண்டு மடங்கா கூடியிருக்குன்னு கணக்கு காட்டுது. ஆனா ஒருத்தரும் கோல் எடுக்கிறாங்க இல்லையே" என்றார். அந்தக் கணக்கை நம்பி, அடுத்த சீசனுக்கான முகநூல் விளம்பரத் தொகையைக் கூட்டவும் அவர் ஆயத்தமாக இருந்தார். மலையகத்துச் சிறு விடுதிகளுக்கும் தேயிலைக் கடைகளுக்கும் இணையத்தளம் அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பணம் கட்டுவதை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவருடைய தளத்தில் வேறொருவர் பொருத்தியிருந்த வருகைக் கணக்கு டேக்குகளைச் சோதித்தேன். அங்கே கண்ட பிழைகளை வேறு பல தளங்களிலும் கண்டிருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

டேக் என்பது, பக்கம் திறக்கும்போது பார்வையாளரின் உலாவியிலேயே இயங்கி, எந்தப் பக்கம் திறக்கப்பட்டது, அவர் எங்கிருந்து வந்தார், எதை அழுத்தினார் என்ற விவரங்களைக் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற சேவைக்கு அனுப்பிவைக்கும் சிறு நிரல். இத்தகைய நிரல்களைத் தனித்தனியாக ஒட்டாமல் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பதற்காகக் கூகுள் 2012 இல் டேக் மனேஜரைக் கொண்டுவந்தது. அப்புத்தளைத் தளத்தில் முதலில் வேலை செய்தவர் அனலிட்டிக்ஸ் நிரலை வேர்ட்பிரஸ் தீமின், அதாவது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளின், தலைப்பகுதியிலேயே ஒட்டியிருந்தார். பின்னர் வந்தவர் அதைக் கவனியாமல், தளத்தின் அனலிட்டிக்ஸ் கணக்கைக் குறிக்கும் அதே அளவீட்டு எண்ணை டேக் மனேஜர் வழியாகவும் சேர்த்திருந்தார். ஆகவே ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பக்கப் பார்வைகள் பதிவாகின. ஐயா 'ஆட்கள்' என்று வாசித்தது இந்தப் பக்கப் பார்வைகளைத்தான். பார்வையாளர்கள் குக்கீயை, அதாவது உலாவியில் சேமிக்கப்படும் சிறு அடையாளக் குறிப்பை, வைத்து எண்ணப்படுவதால், இந்தப் பிழையில் அவர்களுடைய தொகை பெரிதாக மாறாமல் நிற்க, பக்கப் பார்வைகள் மட்டும் ஒரே நாளில் இரட்டிப்பாகும். அப்படி ஏறியிருந்தால், மகிழ்ச்சி அடைவதற்கு முன் கூகுளின் சோதனைக் கருவியான டேக் அசிஸ்டன்டில் தளத்தைத் திறந்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை பார்வை போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது அழைப்பு. எங்கள் பக்கத்து விடுதிகளுக்கு விசாரிப்பு பெரும்பாலும் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும்தான் வருகிறது. அனலிட்டிக்ஸ் 4 இன் மேம்பட்ட அளவீடு, வேறு தளத்துக்குப் போகும் இணைப்புகளையும், பக்கத்தை 90 சதவீதம் வரை கீழே உருட்டுவதையும், கோப்புப் பதிவிறக்கங்களையும் தானாகவே எண்ணும்; தொலைபேசி எண்ணை அழுத்துவதை எண்ணாது. அதற்கென்று டேக் மனேஜரில் தனியாக ஒரு ட்ரிகர், அதாவது டேக் எப்போது இயங்க வேண்டும் என்ற விதி, அமைக்க வேண்டும். அதை அமைத்துவிட்டு, சோதிப்பதற்காக என் தொலைபேசியில் பச்சை நிற வட்ஸ்அப் பொத்தானையும் அழுத்தினேன். நிகழ்வு ஒழுங்காகப் பதிவானது. ஆனால் அந்த எண் வட்ஸ்அப்பில் இல்லை என்று திரையில் வந்தது. இணைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, 94 என்ற நாட்டுக் குறியீட்டுக்குப் பின் நாம் உள்ளூரில் அழுத்தும் பூச்சியத்தையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பக்கத்தில் தெரிந்த எண் சரியாகத்தான் இருந்தது. எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வேறு விடுதியைத் தேடிப் போனார்களோ என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

ஆகவே டேக் சோதனையை அலுவலக மேசைக் கணினியில் மட்டும் செய்யக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். டேக் மனேஜரின் முன்னோட்டத்தில் எல்லா டேக்குகளும் இயங்குவதைப் பார்த்துவிட்டு, வெளியிட மறந்துபோகிறவர்கள் பலர். வெளியிடாதவரை பொதுமக்களுக்கு அது போய்ச்சேராது. வெளியிட்ட பின் வைஃபையை நிறுத்திவிட்டு, மொபைல் டேட்டாவில், ஒரு பயணியைப் போலத் தேடி, தளத்துக்குள் நுழைந்து, முன்பதிவு முடியும்வரை போய்ப் பார்க்க வேண்டும். நானுஓயாவிலிருந்து எல்லவுக்குப் போகும் ரயிலில் இருந்துகொண்டே அறை தேடுகிறவரின் தொலைபேசியில் சிக்னல் வந்து வந்து போகும். டேக் மனேஜர் நிரல் பக்கத்தின் தலைப்பகுதியில் இயன்றவரை மேலே இல்லாமல் அடியில் கிடந்தால், அது இறங்குவதற்குள் அவர் பக்கத்தை மூடிவிடுவார், அவருடைய வருகை கணக்கிலேயே வராது. இப்படிப் போய்ப் பார்த்தது பதிவாகியதா என்பதை அனலிட்டிக்ஸின் நிகழ்நேர அறிக்கையில் உடனே சரிபார்க்கலாம். அது கடைசி 30 நிமிடங்களைக் காட்டும். வழமையான அறிக்கைகள் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும் என்பதால், அன்றே எண் வரவில்லை என்று பதறி இன்னொரு டேக்கை ஒட்டிவிடாதீர்கள். இரட்டைக் கணக்கு பல தளங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

நேர வலயத்தையும் பாருங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்திலேயே விடப்பட்ட கணக்கில், இலங்கை நேரப்படி நண்பகல் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் புதிய நாள் தொடங்கும். விடுதிக்காரரும் ஊழியர்களும் விலை பார்க்க நாளுக்குப் பலமுறை தளத்தைத் திறப்பதும் கணக்கில் சேர்கிறது. எங்கள் பகுதியில் பலர் பயன்படுத்தும் 4ஜி ரவுட்டர்களில், இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால், முகவரியை வைத்து அதை விலக்குவது நிலைப்பதில்லை. ஊழியர்களின் கருவிகளில் ஒரு குக்கீயை வைத்து, அதைக் கண்டால் உள் வருகை என்று குறித்து அனுப்பும்படி அமைக்கிறேன். அப்படிக் குறித்தவற்றை விலக்கும் அனலிட்டிக்ஸ் வடிகட்டியை முதலில் சோதனை நிலையிலேயே வைத்திருங்கள். செயல்படுத்திய பின் அது விலக்கும் தரவு திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது பிழை, நான் ஒரு பொய்ப் பெயரில் முன்பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பியபோதுதான் வெளிப்பட்டது. நன்றிப் பக்கம் திறந்தது; மேலே முகவரிப் பட்டையில், கேள்விக்குறிக்குப் பின்னால், நான் எழுதிய பெயரும் மின்னஞ்சலும் கடவுச்சீட்டு எண்ணும் வரிசையாக நின்றன. படிவம் கெட் முறையில் அமைக்கப்பட்டிருந்ததால், நிரப்பியவை எல்லாம் பக்க முகவரியோடு ஒட்டிக்கொண்டன. டேக்கின் வேலையே பக்க முகவரியை அனுப்புவதுதான். அனலிட்டிக்ஸ் அறிக்கையில் நன்றிப் பக்கத்தின் வரிகளைத் திறந்தேன். அந்த விடுதியில் தங்கிய மனிதர்களின் கடவுச்சீட்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. விளம்பரத்துக்கான பிக்சலும், அதாவது விளம்பர நிறுவனத்துக்கு விவரம் அனுப்பும் இன்னொரு டேக்கும், அதே பக்கத்தில் இருந்தபடியால், அதே முகவரி அந்த வழியாகவும் வெளியே போயிருக்கிறது.

ஒருவரை அடையாளம் காட்டும் விவரங்களை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக்கூடாது என்பது கூகுளின் நிபந்தனை. அதைவிட, தம் கடவுச்சீட்டு எண்ணை விடுதிக்காரரிடம் கொடுத்தவர்கள், அதை வேறு எவரிடமும் கொடுக்கச் சம்மதித்ததில்லை. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறையில் உள்ளது. எங்கள் மலைகளுக்கு வரும் விருந்தினர்களில் ஐரோப்பியர்களும் இருப்பதால், குக்கீ அனுமதிப் பெட்டியையும் நான் சோதிக்கிறேன்: மறுக்கிறேன் என்பதை அழுத்திய பின் உலாவியின் குக்கீப் பட்டியலைத் திறந்து, அனலிட்டிக்ஸ் குக்கீ வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியை வெறும் அலங்காரமாக வைத்திருக்கும் தளங்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

நிரப்பியவை முகவரியில் ஒட்டாமல் போகும் போஸ்ட் முறைக்குப் படிவத்தை மாற்றினோம். முகவரியிலிருந்து அத்தகைய விவரங்களை நீக்கி அனுப்பும் அமைப்பையும் அனலிட்டிக்ஸில் செயற்படுத்தினோம். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தரவை அழிக்கும் கோரிக்கையையும் அனுப்பினேன். இரட்டை டேக்கை எடுத்ததும் பக்கப் பார்வைகள் பாதியாக இறங்கின. ஐயா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அந்தப் பாஸ்போர்ட் நம்பரெல்லாம் அழிஞ்சிருச்சா தம்பி?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அந்தக் காலத்தில் முன்பதிவு செய்தவர்களின் பட்டியலை எடுத்து, நடந்ததை விளக்கி ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் எழுதினார். ஆங்கில வாசகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து திருத்தினோம்.