அடுத்த போஸ்டிங் எந்த ஊருக்கோ?

வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த, ராணுவத்தில் நாயக் பதவியில் இருக்கும் ஒருவரின் மனைவி கடந்த மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். கணவர் பஞ்சாபின் பட்டான்கோட்டில் இருந்தபோது அங்கே ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர்ந்து மூன்று பருவங்களை முடித்திருக்கிறார். அதற்குள் கணவரின் யூனிட் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத ஃபீல்டு பகுதிக்குப் போய்விடவே, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கையில் டி.சி.யுடன் ஊர் திரும்பிவிட்டார். இதே கதையோடு இந்த ஆண்டு என்னிடம் வந்த நான்காவது பெண் அவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பத்தில், கணவர் இன்று இருக்கும் ஊரை வைத்து மூன்றாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது?

தொலைநிலைக் கல்வியில் ஏன் சேரவில்லை என்று கேட்டேன். "தபாலில் படித்தால் அரசு வேலைக்குச் செல்லாது என்று சொன்னார்கள் சார்" என்றார். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டங்களுக்குச் சமமானவை என்று 2022 செப்டம்பரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நீங்கள் சேரும் படிப்பைத் தொலைநிலையில் நடத்த அதற்கு அனுமதி இருப்பது வேறு. இரண்டும் இருக்கின்றனவா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பயமுறுத்தியவர்களில் ஒருவராவது அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. செவிலியர் படிப்பு, சட்டம், பொறியியல் ஆகியவற்றைத் தொலைநிலையில் படிக்க முடியாது என்பது உண்மைதான். அப்படி நடத்துவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி அந்தந்த மாநில எல்லைக்குள் அடங்கியது. 1985-இல் தொடங்கப்பட்ட இக்னோ எனும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கோ நாடு முழுவதும் மண்டல மையங்கள் இருக்கின்றன. ஊர் மாறினால் விண்ணப்பித்து மையத்தை மாற்றிக்கொள்ளலாம். ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும்போது அப்போது இருக்கும் ஊருக்கு அருகிலுள்ள தேர்வு மையத்தைக் குறிப்பிடலாம். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் இருப்பதால், நடுவில் ஒரு மாற்றலோ ஒரு பிரசவமோ வந்தாலும் படிப்பு போய்விடாது.

'மிலிட்டரி கோட்டா' என்ற நம்பிக்கையையும் சற்றுத் தள்ளி வையுங்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படைவீரர் குடும்பங்களுக்கு 5 சதவீத இடங்கள் உண்டு. ஆனால் ஒன்பது படிகள் கொண்ட அந்த முன்னுரிமை வரிசையில், பணியில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது கடைசிப் படி. பிரதமரின் கல்வி உதவித்தொகையோ முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் உரியது.

சேர்வதற்கு முன் பெயரைச் சரிபாருங்கள். பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்தும், திருமணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவரின் பெயரும் இருந்தால் இணையப் பதிவிலேயே சிக்கிக்கொள்வீர்கள். அசல் சான்றிதழ்களை லாரியில் போகும் இரும்புப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். விட்டு வந்த கல்லூரியிலிருந்து டி.சி. மட்டும் போதாது, பருவ வாரியான மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 15 ஆண்டுப் பணியை முடித்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பும்போது உங்களில் பலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு வீட்டில் இரண்டாவது சம்பளம் வேண்டுமென்றால், விடுப்பில் வரும்போது ஒரு நாளை ஒதுக்கி, மனைவியின் விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள்.